வருவோர் எல்லோருக்கும் பலூடா

கடற்கரை வீதி,
கல்முனைக்குடி.

தோஹா வெயிலில் உழைத்துக் களைக்கும் என் அன்புக்குரிய மச்சான் ஜுனைட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரியான உங்கள் ராத்தா கைருன்னிஸாவும் மகள் ஸில்மியாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அவ்வாறே இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். உடம்பைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. மானத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. "மச்சான், அந்தப் படத்தில கந்தூரிக் கிடாரத்துக்குள்ள தல மட்டும் தெரியிற மனிசன் நீங்கதானா? ஒங்கள ஆரு ஆக்குறாங்க?" என்று கேட்டிருந்தீர்கள். பின்னால் உங்கள் அறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சிரிப்பதும் நன்றாகவே கேட்டது. ஓம் மச்சான், அது நான்தான். என்னை யாரும் சோறு கறி போல ஆக்கவில்லை. நானாகத்தான் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்பதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் கதைத்தால் மூன்றாவது வளவு வரைக்கும் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு, உத்தியோக காலம் முழுக்க அடுத்தவன் கடிதத்துக்கு முத்திரை குத்தியவன் நான். எனக்கென்று ஒரு கடிதமாவது எழுதி ஒட்டிப் பார்க்க வேண்டாமா?

எல்லாம் நான் தபாலதிபர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதில் தொடங்கியது. ஓய்வு என்றால் வீட்டில் சும்மா இருப்பது என்று உங்கள் ராத்தா நினைத்திருந்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுடைய குசினியைப் பார்த்தேன். நிர்வாகம் சரியில்லை என்று பட்டது. ஊர்வாரியாகக் கடிதம் பிரிப்பதுபோல டின்களையெல்லாம் இறக்கி நிறவாரியாகப் பிரித்து அடுக்கினேன். உப்பும் சீனியும் வெள்ளை என்பதால் ஒரே தட்டில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்குப் பகல் சோற்றுக்கு ஊற்றிய மீனாணம் பாயசம் போல இருந்தது. நல்ல மனிசி, கத்தவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "ஸில்மியாட வாப்பா, வெளியில ஒரு தொழிலப் பாருங்க. இல்லாட்டி நான் பாக்குறன்" என்றாள். அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால் தொழிலை மட்டும் சொல்லவில்லை, ஆளையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் போலிருந்தது.

அப்படித்தான் நான் வியாபாரியானேன். நீங்கள் போன பிறகு நம்ம கடற்கரை வீதி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது மச்சான். பொரித்த கோழிக்கு ஒரு கடை, அபாயாவுக்கு ஒரு கடை, கொத்து ரொட்டிக்கு இரண்டு, போனுக்கு உறை விற்கவே மூன்று என்று பள்ளியடியில் இருந்து கடல் வரைக்கும் மின்குமிழ் எரிகிறது. இந்த வருடம் கச்சான் காற்றும் அடுப்புக்கு ஊதுவதுபோல ஊதியது. பாடசாலை விடுமுறை வேறு. இந்தச் சூட்டில் குளிரை விற்பவன் பணக்காரன் ஆவான் என்று கணக்குப் போட்டு "பளீல் கூல் பார்" என்று பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை போட்டேன். "பலூடா எப்பிடி ஊத்துறதெண்டாவது தெரியுமா?" என்று உங்கள் ராத்தா கேட்டாள். போனில் பார்த்துப் படித்துவிட்டேன் என்றேன். போனில் பார்த்துப் படித்ததில் ஒரு குறை, ருசி தெரியாது. பாண்டிருப்பில் இருந்து ஐஸ் கட்டி கொண்டுவரும் அழகரெத்தினம்தான் என் முதல் வாடிக்கையாளர். ஒரு கரண்டி வாயில் வைத்தார், கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்: "போஸ்ட் மாஸ்டர், இதக் குடிக்கிறதா, திங்கிறதா, இல்லாட்டி எங்கயாவது ஒட்டுறதா?"

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வழி கேட்க வந்தவர்கள்.

இந்த நேரத்தில்தான் விளையாட்டுக் கழகமும் வர்த்தகர்களும் சேர்ந்து கடற்கரைக் கொண்டாட்டம் வைத்தார்கள். பட்டம் விடுதல், கயிறிழுத்தல், மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதல், கடைசி நாள் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. ஒவ்வொரு கடையும் ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்றார்கள். கயிறிழுத்தலில் வெல்லும் அணிக்கு என் கடையில் பலூடா இலவசம் என்று நானும் ஏற்றுக்கொண்டேன். இழுத்துக் களைத்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் குடிப்பான் என்பது என் எண்ணம். வியாழக்கிழமை றிஸ்மி வந்தான். தெரியும்தானே, ஒரு தடியில் போனைச் செருகிக்கொண்டு "கரைச் செய்தி" என்று முகநூலில் ஊர்ச் செய்தி போடுகிறவன். கடலைப் பின்னால் வைத்து என்னை நிறுத்தி, கதைக்கச் சொன்னான். நான் சாதாரணமாகக் கதைத்திருக்கலாம். ஆனால் போனைக் கண்டதும் எனக்குள் இருந்து யாரோ ஒரு மந்திரி எழும்பிவிட்டார். "எங்கள் நிறுவனத்துக்கு வருகை தரும் எல்லோருக்கும் முதற்கண் மனமார்ந்த நன்றிகள். எதிர்வரும் சனிக்கிழமை நடைபெறவிருக்கும் கயிறிழுத்தல் போட்டியில் வெற்றிவாகை சூடும் அணியினருக்கு எமது கூல் பாரில் பலூடா இலவசம்" என்று ஒரே மூச்சில் முழங்கினேன். றிஸ்மி காதைச் சொறிந்துகொண்டு, "போஸ்ட் மாஸ்டர், நடுவில காத்து அடிச்சிட்டு. ஒருக்காத் திருப்பிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டான். அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஓம் தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "பளீல் ஒருதரம்தான் சொல்லுவான்."

வெள்ளிக்கிழமை காணொளி வந்தது. உங்கள் ராத்தா பகல் தூக்கத்தில் இருந்தாள். அவள் எழும்பிவிடக்கூடாதே என்று சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். தலைமயிர் பறந்தாலும் முகம் களையாகத்தான் இருந்தது. கீழே சிவப்பு இருதயங்கள் மழைக்கால ஈசல் மாதிரி எழும்பிக்கொண்டே இருந்தன. பின்னேரம் தொழப் பள்ளிக்குப் போனால் தெரியாத ஆட்களெல்லாம் கையைப் பிடித்து, "அல்லாஹ் பரக்கத் செய்வான் காக்கா, இந்தக் காலத்தில ஆருக்கு இந்த மனசு வரும்" என்றார்கள். என் செந்தமிழுக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்து, தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சனிக்கிழமை பகல் ளுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்தால், கடையைக் காணவில்லை. அவ்வளவு சனம். சாய்ந்தமருதுப் பக்கத்தால் முச்சக்கர வண்டிகள் வரிசையாக வருகின்றன. சம்மாந்துறையில் இருந்து ஒரு உழவு இயந்திரம், பின்பெட்டி நிறையப் பெண்களும் பிள்ளைகளும். எனக்கு நெஞ்சு நிறைந்தது மச்சான். சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, விளம்பரம் என்றால் இதுதான் விளம்பரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உழவு இயந்திரத்தில் இருந்து இறங்கிய மனிதர் பெட்டியைத் திரும்பிப் பார்த்து எண்ணினார்.

"பெட்டிக்குள்ள இரிக்கிற எல்லாருக்கும் ஒவ்வொரு பலூடா. காசில்லத்தானே?"

பாவம், கஷ்டப்பட்ட மனிதர் என்று நினைத்தேன். "பரவாயில்ல காக்கா, கொஞ்சம் கொறைச்சுத் தாங்க" என்றேன்.

"கொறைச்சா? சும்மா எண்டுதானே நீங்க சொன்னீங்க?"

"நானா?"

"ஓம், நீங்கதான்." அவர் போனை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். அந்தக் காணொளியில் என் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். "எங்கள் நிறுவனத்துக்கு வருகை தரும் எல்லோருக்கும்" என்று நான் தெளிவாகச் சொல்கிறேன். பிறகு கச்சான் காற்று தகரத்தில் மண்ணள்ளிக் கொட்டுவதுபோல இரைகிறது. என் வாய் மட்டும் அசைகிறது. காற்று ஓய்ந்ததும் கணீரென்று வருகிறது: "பலூடா இலவசம்!"

மகள் ஸில்மியா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். "வாப்பா, பால் முடியப் போகுது. சனம் இப்பதான் வந்துக்கிட்டிருக்கு."

நான் முதலில் செய்தது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றது. எவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியும்? துணிவை வரவழைத்துக்கொண்டு வெளியே வந்து ஒரு கதிரையில் ஏறி, "அன்பார்ந்த பொதுமக்களே, ஒரு சிறு திருத்தம்" என்று தொடங்கினேன். சனம் கைதட்டியது. வரவேற்புரை என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்த நேரத்தில், முன்னால் நின்ற ஒரு பெண் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு என்னைப் பார்த்து, "காக்கா, விடிஞ்சதில இருந்து இதுகள் ரெண்டும் பலூடா பலூடா எண்டு சோறுந் திங்கல்ல. கெதியாத் தாங்க" என்றாள். இடுப்பில் இருந்தது என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, தாய்க்குருவி வந்துவிட்டது போல. திருத்தத்தை அதோடு விட்டேன். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க" என்று சொல்லி இறங்கி, பின்வாசலால் வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடித்தான் போனேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சுடுமணலில், என் வயதில்.

உங்கள் ராத்தா வாசலில் நின்றாள். புதுச் சல்வார், தலைக்கு நல்ல முந்தானை. எங்கேயோ புறப்பட்டு நிற்கிறாள். "நானும் வாறன், ஊத்திக் குடுக்க ஒரு கை வேணுமே" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற நாளில் இருந்து அந்த முகத்தை நான் கண்டதில்லை. "நேத்தே றஹீமா மாமி போனில காட்டினா. நான் ஒண்ணும் கதைக்கல்ல. மனிசன் சொல்லாம ஒரு நல்ல காரியம் செய்யிறார், செய்யட்டும் எண்டு இருந்தன். ஒங்களப் பத்தி நான் வேற மாதிரி நெனச்சிட்டன், ஸில்மியாட வாப்பா. கடைய வச்சிப் பேர் எடுக்கத்தான் பாக்கிறீங்க எண்டு" என்றாள்.

மச்சான், அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இந்த ஊரில் என்னைவிட நல்லவன் இல்லை. ஒரு கணம் மூடித்தான் இருந்தேன். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் நின்று, இல்லாத ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடியவில்லை. "நான் சொல்லல்ல" என்றேன். "கயிறு இழுத்து வெல்லுறவங்களுக்கு எண்டுதான் சொன்னன். நடுவில காத்துத் திண்டுட்டு."

அவள் முந்தானையைச் சரிசெய்தாள். செருப்பைப் பார்த்தாள். முகம் பழைய முகமாக மாறுவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீனி போட்ட மீனாணத்தைச் சாப்பிடுவது இதைவிட இலேசு. பிறகு கேட்டாள்:

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கடையப் பூட்டிட்டு, பிழையா வெளங்கிட்டு எண்டு சொல்லுவமா?"

"சம்மாந்துறையில இருந்து மிசின் பெட்டியில வந்த புள்ளைகளுக்கா?" அவள் படியால் இறங்கிவிட்டாள். "காத்து வெட்டினாலும் ஒங்கட வாயாலதானே வந்த. சொன்னது சொன்னதுதான். நடங்க."

அதற்குப் பிறகு நடந்தது எதிலும் எனக்குப் பெருமை இல்லை. எல்லாம் அவள் நடத்தியது. பலூடா நடக்காத காரியம் என்று முதலிலேயே வெட்டிவிட்டாள். ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுக் கடப்பாகத் தட்டி, நோன்புக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த சர்பத்துப் போத்தல்களைக் கேட்டாள். ஒருவர் வீட்டில் நன்னாரி, ஒருவர் வீட்டில் றோஜா, றஹீமா மாமி வீட்டில் பேர் ஒட்டாத ஒரு பச்சைப் போத்தல். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அழகரெத்தினத்துக்கு நான் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஏதோ செருமுகிற சத்தம். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. "பலூடா இல்லத்தானே? அப்ப ஐஸ் கொண்டாறன்" என்றார்.

கலக்குவதற்குப் பாத்திரம்? பள்ளியில் இருந்து கந்தூரிச் சோறு ஆக்கும் பெரிய கிடாரத்தை உருட்டி வந்தார்கள். போன கந்தூரியில் ஆக்கிய இறைச்சியின் வாசம் இன்னும் அதில் குடியிருந்தது. வெளியில் நின்று தேய்த்தால் கை அடிக்கு எட்டவில்லை. "இறங்குங்க" என்றாள் உங்கள் ராத்தா. காலைக் கழுவிக்கொண்டு, தேங்காய்த் தும்போடும் சவுக்காரத்தோடும் நான் இறங்கினேன். இறங்குவது இலேசாகத்தான் இருந்தது. சவுக்கார வழுக்கலில் ஏறுவதுதான் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் றிஸ்மி தடியோடு வந்தான். நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது. நான் சிரிப்பதுபோல் தெரிந்தால் நம்ப வேண்டாம், உதவிக்குக் கூப்பிடுகிறேன்.

எல்லாப் போத்தலையும் ஒன்றாக ஊற்றி, தேசிக்காய் பிழிந்து, கசகசாவைக் கொட்டி, ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டதும் சர்பத்து ஒரு நிறம் எடுத்தது. அந்த நிறத்துக்குத் தமிழில் பெயர் இல்லை. மழைக்கு முந்தின வானத்தை ஒரு போத்தல் மையில் கரைத்தால் வரலாம். உங்கள் ராத்தாவே ஒருகணம் தயங்கினாள். முதல் கோப்பை அந்த இடுப்புப் பிள்ளைக்குப் போனது. அது குடித்தது, மூச்சு விட்டது, கோப்பையைத் திருப்பிக் கொடுக்க மறுத்து அழுதது. அதோடு சனம் நெருங்கிவிட்டது.

கடற்கரையில் கயிறிழுத்தலைப் பார்க்க ஆளில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்த மதுஷன் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, "ரசிகர்கள் கயிறைத் தேடி வரமாட்டாங்கபோல, கயிறு ரசிகர்களைத் தேடிப் போகுது" என்று சொல்லி, போட்டியையே என் கடைக்கு முன்னால் மாற்றினார். ஒரு பக்கம் இழுவை, ஒரு பக்கம் சர்பத்து. பாண்டிருப்பு அணி வென்றது. பரிசு கேட்டு வந்தார்கள். அவர்களுக்காவது சொன்ன வாக்கைக் காப்பாற்றுவோம் என்று, மிச்சமிருந்த பாலில் நானே பலூடா ஊற்றிக் கொடுத்தேன். அணித் தலைவர் ஒரு கரண்டி எடுத்தார். "ஐயா, குறை நினைக்காதீங்க, நாங்களும் அந்தச் சர்பத்தையே குடிக்கிறமே" என்றார்.

பின்னேரம் அஸர் பாங்கு சொன்னபோது கிடாரம் பாதி. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுமுன் காலி. குடிக்காமல் யாரும் திரும்பவில்லை என்பது அல்லாஹ் என்மேல் வைத்த இரக்கம். உழவு இயந்திரக்காரர் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த முறை பலூடா வேணாம் காக்கா, இதையே தாங்க" என்றார். பெட்டிக்குள் பிள்ளைகளின் உதடெல்லாம் அந்தப் பெயரில்லாத நிறம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கள் ராத்தா திரும்பிப் பாராமல் முன்னால் போனாள். நான் நாலடி பின்னால், நனைந்த சாரத்தோடு. கோபம் போகவில்லை என்றே நினைத்தேன். திடீரென்று நின்று, "நேத்து நான் நெனச்ச மனிசன விட, இண்டைக்குக் கிடாரத்துக்குள்ள நிண்ட மனிசன் பரவால்ல. உள்ளதச் சொன்னீங்கதானே" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வீதியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். இருந்தாலும் மச்சான், என்னை வைத்து அவள் சிரித்து எவ்வளவோ காலம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது கடையில் பலூடா இல்லை. சர்பத்து மட்டும்தான், உங்கள் ராத்தா கலக்குகிறாள், ஸில்மியா ஊற்றுகிறாள், நான் கோப்பை கழுவுகிறேன். அந்த நிறம் மட்டும் திரும்ப வரவேயில்லை. றஹீமா மாமியின் பச்சைப் போத்தலில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாதாம். வியாபாரம் நன்றாகப் போகிறது. ஆனபடியால் நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன பலூடா இயந்திரத்தை அனுப்ப வேண்டாம். அந்தப் படத்தையும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். இந்த அனுபவத்தில் நான் அறிந்தது ஒன்றுதான்: இந்த வீட்டில் கட்டில்லாத வாய் ஒன்று உண்டு, அது என்னுடையது. உங்கள் ராத்தா அளந்து பேசுகிறவள். போனையும் ஒலிவாங்கியையும் கண்டால் விலகிப் போகிறவள். அவளுடைய புத்தியில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் தபால் மாஅதிபராகவே ஓய்வு பெற்றிருப்பேன். இனி என் வாயால் ஊருக்கு ஒரு வாக்கும் போகாது என்று உறுதி சொல்கிறேன்.

உங்கள் உழைப்பில் பரக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும் அல்லாஹ் தருவானாக. விடுமுறை கிடைத்ததும் ஊருக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அறைக்காரர்களுக்கும், சிரித்த எல்லோருக்கும், என் சலாம். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
பளீல்
(ஓய்வு பெற்ற தபாலதிபர், தற்போது கோப்பை கழுவுநர்)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, ஒட்டப் போகும்போது றிஸ்மி வந்தான். என்னிடம் வரவில்லை. சர்பத்தைப் பற்றிக் கேட்க உங்கள் ராத்தாவிடம் வந்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்று மாட்டேன் என்பாள் என்று நினைத்து நான் சும்மா இருந்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து நேராக நின்றாள். "கடைசி நாள் உதைபந்தாட்டத்துக்கு வாற எல்லாருக்கும் எங்கட கடையில சர்பத்து சும்மா, இன்ஷா அல்லாஹ். எல்லாருக்கும் எண்டா எல்லாருக்குந்தான்" என்றாள். காற்று இல்லை மச்சான், ஒரு ஓலைகூட அசையவில்லை. அதோடு விடவில்லை. "தம்பி, ஒருக்காப் போட்டுக் காட்டுங்க" என்று சொல்லி, காதை வைத்து முழுவதையும் கேட்டு, "ஓம், வெளங்குது, போடுங்க" என்று அனுமதியும் கொடுத்தாள். ஆகவே அவளைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிடவும். இந்த வீட்டில் கட்டில்லாத வாய் இரண்டு. இறுதிப் போட்டிக்கு அக்கரைப்பற்றில் இருந்தும் பஸ் வைத்து வருகிறார்களாம். சந்தை பூட்டுமுன் தேசிக்காய் வாங்கப் போகவேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.